காமன் வராத சனிக்கிழமை

எனக்கு வாய் நீளம். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அந்த வாய் என்னை எங்கே கொண்டுபோய் மாட்டிவிடும் என்று தெரிந்துகொள்ள, நான் கேம்பஸில் மூன்றாம் வருஷம் வரை வர வேண்டியிருந்தது.

தை முடிகிற சமயம். வசந்த விழாவுக்கான கூட்டம் நடந்தது. பதுளை டவுனுக்கு வெளியே மலையில் இருக்கிறது எங்கள் கேம்பஸ். மற்ற நாளெல்லாம் அடையாள அட்டை இல்லாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. இந்த விழாவுக்கு மட்டும் மூன்று நாள் கேட்டைத் திறந்து டவுன் சனத்தை உள்ளே விடுவார்கள். விழாக் குழுத் தலைவர் ஒரு சிங்களச் சீனியர். நல்ல மனுஷன், எதற்கும் கோபப்படாதவர். அவர் பட்டியலை வாசித்துக்கொண்டே போனார். வெள்ளி காலை பட்டம் விடும் போட்டி, மத்தியானம் சாப்பாட்டுக் கடைகள், பொழுது சாய்ந்ததும் மைதானத்தில் திரை கட்டிப் படம். சனிக்கிழமை புகைப்படக் கண்காட்சி, மாலை ஆறு மணிக்குக் கொழும்பிலிருந்து வரும் இசைக்குழு. ஞாயிறு கயிறு இழுத்தல், தலையணைச் சண்டை. வாசித்து முடித்துவிட்டு, ஏதோ மறந்தது ஞாபகம் வந்த மாதிரி, "சனி நாலு மணிக்குத் தமிழ் ஐட்டம், இருபது நிமிஷம்" என்றார்.

அது என்ன ஐட்டம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பேட்சில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி இருந்தாள், நன்றாகப் பரதம் ஆடுவாள். முந்திய இரண்டு வருஷமும் அவளும் அவளுடைய தோழிகளும்தான் ஆடினார்கள்.

"வழமையான டான்ஸ்தானே?" என்று தலைவர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் குழுவில் இருந்த ஒரே தேயிலைத் தோட்டத்துப் பையன். என்னிடம் அன்பாக இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "உங்க எஸ்டேட் பக்கம் இந்த மாதிரி ஒண்ணும் இல்லைதானே, மல்லி?" என்றும் கேட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. பாசமாகத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இல்லையா? எங்களிடமா இல்லை? எழுந்து நின்றுவிட்டேன். மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொரிந்து தள்ளினேன். மன்மதனைத்தான் நாங்கள் காமன் என்கிறோம். அவன் சிவனின் தவத்தைக் கலைக்கப் போய் எரிந்து சாம்பலாகிறான், அவன் பெண்டாட்டி ரதி அழுது புரண்டு மூன்றாம் நாள் உயிரை மீட்டுக்கொண்டு வருகிறாள். தப்பு மேளம் முழங்க அண்ணன் வில்லை எடுத்துக்கொண்டு வந்து நின்றால் லயம் என்கிற வரிசை வீட்டுப் பிள்ளைகளெல்லாம் மூச்சு விடாமல் பார்க்கும். ஆமாம், காமன் வேஷம் கட்டுகிறவன் என் கூடப்பிறந்த அண்ணன். இதையெல்லாம் சொல்லி, "இருபது நிமிஷம் பத்தாது, முக்கால் மணி நேரம் வேணும், நானே கூட்டிட்டு வாரேன்" என்று முடித்தேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். தலைவருக்கு வாயெல்லாம் பல். யாழ்ப்பாணத்துப் பெண் மட்டும் வெளியே வந்ததும் என்னை நிறுத்தினாள்.

"நீர் வடிவா யோசிச்சுத்தானே சொன்னனீர்?" என்றாள். "நாங்கள் பழகத் தொடங்கீட்டம். உம்மட ஆக்கள் வருவினமெண்டால் நாங்கள் விட்டுத் தாறம். பிறகு கடைசி நேரத்தில ஒண்டும் இல்லையெண்டு சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேங்க" என்றேன். "எழுதி வச்சுக்குங்க."

நாளைக்கூட நானே பார்த்துத்தான் சரி சொன்னேன். விழாச் சனிக்கிழமைக்கு நாலு நாள் கழித்துப் பௌர்ணமி. பௌர்ணமியன்றுதான் தோட்டத்தில் காமனை எரிப்பார்கள். அதற்கு முந்திய சனியென்றால் எல்லாருக்கும் பாட்டு மனப்பாடமாக இருக்கும், உடுப்பெல்லாம் தயாராக இருக்கும், ஆட்டமும் சூடு பிடித்திருக்கும். என்ன பொருத்தம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். இரண்டு நாளில் போஸ்டர் அச்சாகி வந்துவிட்டது. மூன்று மொழியில் 'காமன் கூத்து' என்று போட்டிருந்தார்கள். பதுளை பஸ் நிலையத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே ஏறினால்தான் போன் உயிர் பிடிக்கும். அண்ணன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை முடிந்து, சாயங்காலம் அங்கே ஏறிக் கூப்பிட்டான்.

"டேய், நெசமாவாடா? கேம்பஸ்லயா?" அவன் குரல் உடைந்தது. "நம்ம காமனா?"

"ஆமாண்ணே. பெரிய மேடை. லைட், மைக் எல்லாம் இருக்கு."

"எந்தச் சனிக்கெழம?"

சொன்னேன். அவன் வாய்க்குள் நாளை எண்ணினான். பிறகு மெதுவாக, "அப்ப கையில காப்பு கட்டியிருக்குமேடா" என்றான்.

காப்பு! மாசி அமாவாசை கழித்துக் கம்பம் ஊன்றுகிற அன்று, காமன் கட்டுகிறவன் மணிக்கட்டில் மஞ்சள் துணியால் காப்புக் கட்டுவார்கள். கட்டினால் காமனை எரித்து, மூன்றாம் நாள் எழுப்பி, காப்பை அவிழ்க்கிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கடைக்குப் போகக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகமாட்டார்கள். தவழ்கிற வயசிலிருந்து நான் பார்த்து வருகிற சங்கதி இது. எனக்குத் தெரியாமல் இல்லை. கேம்பஸ் கூட்டத்தில் உட்கார்ந்து நேர அட்டவணையைப் பார்த்தபோது என் மண்டையில் அது இல்லை, அவ்வளவுதான். கூத்தை ஒரு ஐட்டமாகத்தான் நானும் பார்த்திருக்கிறேன். தலைவர் மேல் கோபப்பட்டேனே, என்னை எதால் அடிப்பது?

அது மட்டும் என்றாலும் சமாளிக்கலாம். அண்ணன் கல்யாணம் முடித்து ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லை. 'மூணு வருஷம் காமன் கட்டுறேன், ஒரு புள்ளயக் குடு' என்று வேண்டிக்கொண்டுதான் அவன் கட்ட ஆரம்பித்தான். அது மூன்றாவது வருஷம். மதினிக்கு ஐந்தாம் மாசம்.

"நாள மாத்த முடியுமான்னு கேட்டுப் பாக்குறேன்ணே" என்றேன்.

"மாத்தி என்ன பண்ண? எரிச்சு எழுப்பிட்டா அப்புறம் அடுத்த வருஷந்தான் காமன்." கொஞ்சம் யோசித்தான். "நீ ஒண்ணும் யோசிக்காத. போஸ்டர்லாம் அடிச்சிட்டாங்க. நான் வாரேன்."

"அண்ணே..."

"வாரேன்னு சொல்றேன்ல. ஒன்னய அங்க தலகுனிய விட்டுருவேனா?"

இவன்தான் என்னைப் படிக்க வைப்பதற்காகப் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு அப்போது பேச லேசாக இருந்திருக்கும். நான் போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தலைவரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தினமும் காலையில் முடிவு எடுப்பேன். கேன்டீனில் அவரைப் பார்த்ததும், "மல்லி, உங்க ஐட்டத்தைப் பத்தித்தான் எல்லாரும் கேக்கிறாங்க" என்பார். தலையை ஆட்டிவிட்டு நழுவிவிடுவேன். யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் திரும்ப ஆடச் சொல்லிக் கேட்கலாம் என்றால், அவள் தோழிகளில் இருவர் ஊருக்குப் போய்விட்டார்கள். 'எஸ்டேட்காரன் வாய்ப்பேச்சோடு சரி' என்று சொல்லிவிடுவார்களே என்பதுதான் எனக்குப் பெரிய பயம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே எனக்குள் சொல்லிக்கொண்டு நானே கூசினேன்.

எனக்கு அந்தக் காப்பில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். எல்லை தாண்டினால் கரு கலைந்துவிடுமா, என்ன பைத்தியக்காரத்தனம்! ஆனால் வயிறு என்னுடையது இல்லையே. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு சளி பிடித்தாலும் மதினி அந்தச் சனிக்கிழமையைத்தான் நினைப்பாள். சாகிற வரைக்கும் நினைப்பாள். அது தெரிந்தும் நான் அண்ணனிடம் 'வராதே' என்று சொல்லவில்லை. வருவதாக அவனேதானே சொன்னான் என்று மனசுக்குள் ஒரு நொண்டிச் சாக்கு வைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன் ஒன்று சனிக்கிழமை பதுளையில் சும்மா நிற்கும், அதையும் பேசி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே வீட்டுக்குப் போனேன். கேம்பஸில் பட்டம் பறந்துகொண்டிருந்தது. பசறை தாண்டி மடுல்சீமை ரோட்டில் பஸ் ஆடி ஆடி ஏறுகிறபோது, இந்த பஸ் இங்கேயே பழுதாகி நின்றால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று வேண்டினேன். அது என் கெட்ட நேரத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் ஒருவரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோயில் கமிட்டி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தது. ரதி கட்டுகிறவன் வரமாட்டான், மற்றவர்களும் வரமாட்டார்கள். அண்ணனும் தப்பு அடிக்கிற இரண்டு பேரும் மட்டும் வருவதாக இருந்தார்கள். "காமன் ஒருத்தன் போதும்டா, வில்ல எடுத்து ஒரு ஆட்டம் ஆடிட்டு வந்துரலாம்" என்று அண்ணன் சிரித்தான். அவன் மணிக்கட்டில் மஞ்சள் துணி. அதைப் பார்க்காமல் இருக்க நான் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டேன். மதினி சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. தோட்டத்து எல்லையில் ஒரு சின்னப் பாலம், அதற்கு அந்தப் பக்கம்தான் நிற்க முடியும். அண்ணன் உடுப்புப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். தப்புக்காரர்கள் இருவரும் பின்னால். மதினி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு எங்களோடு இறங்கி வந்தாள்.

"நீங்க எதுக்கு வாரீங்க மதினி, திரும்பிப் போங்க" என்றேன்.

"போறேன் தம்பி. பாலம் வரைக்கும் வாரேன்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அவுங்கள நான் தடுக்கல. ஒங்களுக்காகத்தான் போறாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. நீங்க படிச்சவுங்க, ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நான் தைரியமா இருப்பேன்" என்றாள்.

ஒரு வார்த்தை. ஒண்ணும் ஆகாது மதினி, என்று சொன்னால் முடிந்தது. என்னால் சொல்ல முடியவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் பாலத்தில் கால் வைக்கப் போனான்.

"அண்ணே, நில்லு!" என்று கத்திவிட்டேன். "நீ வர வேணாம்."

"என்னடா சொல்ற?"

"வர வேணாம்னு சொல்றேன். திரும்பிப் போ."

"பைத்தியமாடா? அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க. ஒன் மூஞ்சில காறித் துப்புவாங்கடா."

"துப்பட்டும். நான் தொடச்சுக்கிறேன். நீ தாண்டாத."

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. அவன் பாலத்தில் ஏறப் பார்க்க, நான் பெட்டியைப் பிடித்து இழுக்க, தப்புக்காரர் ஒருவர் நடுவில் புகுந்து எங்களைப் பிரித்தார். மதினி பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத்தான் அவன் நின்றான். நான் ஓடிப்போய் வேனில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன். வேன்காரர் பின்னால் திரும்பி, "மத்தவங்க?" என்றார். "யாரும் இல்ல, நீங்க எடுங்க" என்றேன்.

சின்னப் பிள்ளைகள் உட்காருகிற சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு வந்தேன். வயிற்றில் இருந்த பாரம் பாதி இறங்கியிருந்தது, மீதிப் பாதிக்குத் தலைவர் காத்திருந்தார். சிக்னல் வருகிற இடம் நெருங்குவதற்கு முன்னாலேயே போனை அணைத்து வைத்தேன். நேரே போய்க் காலில் விழுந்தாலும் விழுவது, பொய் மட்டும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். மேடையில் ஏற்றி மன்னிப்புக் கேட்கச் சொன்னாலும் கேட்பேன். என்ன சொல்வது என்று மூன்று மொழியிலும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கேம்பஸுக்கு வரும்போது பன்னிரண்டரை. கேட் திறந்து கிடந்தது, டவுன் சனம் குடும்பம் குடும்பமாக ஏறி வந்துகொண்டிருந்தது. மேடையில் கொழும்பு இசைக்குழு ஆட்கள் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலைவரைத் தேடினேன். யாழ்ப்பாணத்துப் பெண்தான் எதிரே வந்தாள்.

"அவையள் ஒருத்தரும் வரேல்லை" என்றேன். பதற்றத்தில் அவளுடைய தமிழையே பேசிவிட்டேன். "நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன். தலைவர் எங்க?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? நேற்று மத்தியானமே அதை எடுத்திட்டினம். பாண்ட்காரருக்கு சவுண்ட் செக் செய்ய நாலு மணிக்கு மேடை வேணுமாம். குரூப்பில மெசேஜ் போட்டவையே."

அணைத்து வைத்திருந்த போனைப் போட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், நான் சிக்னல் இல்லாத மடுல்சீமை ரோட்டில் பஸ்ஸில் இருந்த நேரம், தலைவர் போட்டிருந்தார். 'தமிழ் ஐட்டம் இல்லை. சாரி மல்லி.' கூடவே ஒரு கும்பிடு படம். அதற்குக் கீழே எத்தனையோ மெசேஜ். சாப்பாட்டுக் கடைக்குத் தண்ணீர் வரவில்லை, கண்காட்சி அறையின் சாவியைக் காணவில்லை. எங்கள் கூத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை போடவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைவரே வந்து என் தோளில் கை போட்டு, "கோவமில்லைதானே?" என்று கேட்டுவிட்டு, கையோடு சனம் உட்காரக் கதிரை அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். இதற்காகவா அண்ணனைப் பாலம் வரை இழுத்து வந்தேன், மதினியை அழ வைத்தேன் என்று கதிரைக்குக் கதிரை நினைத்தேன்.

இசை நிகழ்ச்சி ஆரம்பிக்கிற நேரத்தில் அண்ணன் கூப்பிட்டான். மடுவத்துக்கு மேலே ஏறியிருக்கிறான். "என்னடா ஆச்சு? என்ன சொன்னாங்க?" என்றான்.

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். உன்னை யாரும் தேடவில்லை அண்ணே, உன் பேரை நேற்றே அடித்துவிட்டார்கள், நீ காப்போடு வந்திருந்தாலும் மேடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இதை எப்படிச் சொல்வது? பஸ் நிலையத்துப் போஸ்டர் போட்டோவை அவன் கவ்வாத்து மலையில் ஆளாளுக்குக் காட்டியிருந்தான்.

"எல்லாரும் ஏமாந்து போய்ட்டாங்கண்ணே" என்றேன். "மூணு மணிக்கே வந்து குந்திட்டாங்க. காமன் எங்க, காமன் எங்கன்னு ஒரே கேள்வி."

"ஒன்னய ஏசுனாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "கொஞ்சம்" என்றேன்.

"மன்னிச்சிருடா தம்பி" என்றான். அவன் அழுதான் என்றுதான் நினைக்கிறேன். எனக்குப் பின்னால் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது.

ஆனி மாதம் பதுளை ஆஸ்பத்திரியில் மதினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல ஆரோக்கியமான குழந்தை, அண்ணனின் மூக்கு. பார்க்கப் போனபோது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அண்ணன் குழந்தையை என் கையில் கொடுத்து, "இவளுக்காகத்தாண்டா நீ அத்தன பேர் முன்னாடி அசிங்கப்பட்ட" என்று வார்டில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கச் சொன்னான். அதற்கு மேல் எங்கே சொல்வது?

இந்த வருஷ விழாவின் நிகழ்ச்சி நிரல் போன வாரம் வந்துவிட்டது. எங்கள் கூத்து அதில் இல்லை. நான் கேட்கவும் இல்லை. பரதம் வெள்ளிக்கிழமை காலை. சனிக்கிழமை மாலை முழுவதும் இசைக்குழு. நேற்றுத் தோட்டத்தில் கம்பம் ஊன்றுகிற நாள். பொழுது சாய்கிற நேரம் அண்ணன் மடுவத்து மேட்டிலிருந்து கூப்பிட்டான். பின்னால் தப்புச் சத்தம் கேட்டது, குழந்தை எதையோ கேட்டு வீறிட்டது.

"காப்புக் கட்டியாச்சாண்ணே?" என்றேன்.

"கட்டியாச்சு. கீழே பணியத்து லயத்துப் பையனுக்கு."

"அப்ப நீ?"

"நான் கட்டல. நேத்திக்கடன் போன வருஷத்தோட முடிஞ்சிச்சுல்ல. இனிமே வேற ஆளப் பாத்துக்கங்கன்னு கமிட்டியில சொல்லிப்புட்டேன். ஏசுனாங்க. ஏசட்டும்." அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அந்த ரெண்டு தப்புக்காரவுங்களும் வாரேன்னுட்டாங்க. இப்ப எந்த எல்லையையும் தாண்டலாம்டா. ஒங்க கேம்பஸுக்கு மதினியும் புள்ளயும் கூட வாராங்க. ஒரு வருஷமா எனக்கு இதே நெனப்புத்தான்."

நான் ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது சொல், இப்போதாவது சொல்லித் தொலை என்று என்னையே திட்டினேன்.

"என்னடா பேச மாட்டேங்குற? இந்த வருஷமும் என்னயக் கேக்குறாங்களா?"

"கேக்குறாங்கண்ணே" என்றேன். "கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."